உணவகத்துக்கு டிஜிட்டல் மெனுத் திரை: சுவரில் துளை போடுவது கடைசி வேலை

கல்லாவுக்கு மேலே ஒன்றிரண்டு டிவியை மாட்டி, இட்லி தோசை விலையைப் படமாக ஓடவிட வேண்டும். கேட்க ஒரு நாள் வேலை போலத் தெரியும். டிவி வாங்கிய அன்றே சுவரில் ஏற்றிவிட்டு, பிளேயர் (திரைக்குப் படத்தை அனுப்பும் சிறு கருவி), ஒயரிங், டிசைன் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் இடங்களில்தான் ஒரு மாதத்துக்குள் கறுப்புத் திரையும் பழைய விலையும் தொங்கும். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். திட்டம், ஒயரிங், படம், மேசைச் சோதனை, அதற்குப் பிறகுதான் டிரில். ஒரு கிளை, இரண்டு 43 அங்குலத் திரை என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள்: முடிவெடுக்கவும் அளவெடுக்கவும் ஒரு வாரம், பொருள் வரவும் ஒயரிங்குக்கும் ஒரு வாரம், படம் செய்யவும் சோதிக்கவும் ஒரு வாரம். மாட்டும் வேலை அரை நாள்தான்.

1. விலையை யார் மாற்றுவார்?

இந்தக் கேள்விக்கு ஒரு பெயர் கிடைக்காமல் எதையும் வாங்காதீர்கள். முதலாளியா, கல்லாவில் இருப்பவரா, வெளியில் உள்ள டிசைனரா? காபி விலை ஏறினால் எத்தனை மணி நேரத்துக்குள் திரையில் மாற வேண்டும்? கல்லாவில் இருப்பவர்தான் மாற்றுவார் என்றால் செல்போனிலிருந்தே செய்ய முடிகிற மென்பொருள் வேண்டும். டிசைனர் என்றால் அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இன்னொருவர் வேண்டும்.

அடுத்தது நேரம். காலை டிஃபன், மதியச் சாப்பாடு, மாலை டிஃபன் என்று மெனு தானாக மாற வேண்டுமா? வேண்டும் என்றால் அதை இப்போதே எழுதிவையுங்கள். பல இலவச மென்பொருள்களில் ஒரு படம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஓட வேண்டும் என்று சொல்ல முடியும். தினமும் காலை 11 மணிக்கு மாறு என்று சொல்ல வழி இருக்காது. எல்லாவற்றையும் வாங்கி முடித்த பிறகு இது தெரிந்தால் பிளேயரையே மாற்ற வேண்டியிருக்கும்.

2. நின்று பார்த்து அளவெடுங்கள்

வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் கடைசி இடத்துக்குப் போய், அங்கிருந்து சுவர் வரை டேப் பிடியுங்கள். பத்தடித் தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது பலகை எழுதுபவர்களின் பழைய கணக்கு. திரைக்கும் அதுவே பொருந்தும்.

43 அங்குலத் திரையில் தெரியும் பரப்பின் உயரம் சுமார் 53.5 செ.மீ. அதாவது சுமார் 21 அங்குலம். திரையின் 1080 புள்ளிகளை (பிக்சல்) அதால் வகுத்தால் ஓர் அங்குலத்துக்கு 51 புள்ளி. பத்தடியிலிருந்து படிக்க ‘க’ என்ற எழுத்து மட்டும் 51 புள்ளி உயரம் இருக்க வேண்டும். இருபதடி என்றால் 102. தமிழுக்கு மேலே மெய்யெழுத்தின் புள்ளியும் ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் சுழியும், கீழே ‘கு’, ‘மு’ போன்றவற்றின் வாலும் உண்டு. ஆகவே வரிக்கு வரி இடைவெளி எழுத்து உயரத்தைப் போல 1.8 மடங்காவது வேண்டும். பத்தடிக்கு ஒரு வரி 92 புள்ளி. தலைப்பை விட்டால் ஒரு திரையில் பத்து வரி. இருபதடிக்கு வெறும் ஐந்து வரி. நாற்பது அயிட்டத்தை ஒரே திரையில் அடைக்கச் சொல்லும் முதலாளியிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அப்போதுதான் இரண்டாவது திரைக்கு ஒத்துக்கொள்வார், அல்லது மெனுவைக் குறைப்பார்.

டிசைன் மென்பொருளில் காட்டும் எழுத்தளவு இந்த உயரம் அல்ல என்பதையும் கவனியுங்கள். 51 என்று போட்டால் ‘க’ அதைவிடச் சிறிதாகவே வரும். படத்தைப் பெரிதாக்கி ‘க’வின் உயரத்தை நேரடியாக அளந்து சரிசெய்யுங்கள்.

அளவெடுக்கும்போதே சுவரைத் தட்டிப் பாருங்கள்: செங்கலா, ஏஏசி பிளாக்கா (எடை குறைந்த, காற்றுத் துளைகள் கொண்ட கான்கிரீட் கல்), ஜிப்சம் தடுப்பா என்று எழுதிக்கொள்ளுங்கள். காலை வெயில் விழும் நேரத்தில் ஒரு முறையும், விளக்குப் போட்ட பிறகு ஒரு முறையும் பாருங்கள். தோசைக்கல் எங்கே இருக்கிறது? கல்லில் எண்ணெய் தெளிக்கும்போது எழும் மெல்லிய ஆவி நேராக மேலே போவதில்லை. மின்விசிறி அதை இழுத்துக்கொண்டு வந்து திரையில் ஒட்டவைக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும், அதன்மேல் தூசு படியும், காற்றுத் துளைகள் அடைபடும். கல்லிலிருந்து தள்ளி, புகைபோக்கி இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் இடம் பாருங்கள்.

3. திரை: வீட்டு டிவி போதுமா?

நாளைக்கு 14, 15 மணி நேரம் ஓட வேண்டும். கடைகளுக்கான வணிகத் திரைகள் 16 மணி நேரம் அல்லது 24 மணி நேரம் ஓடும் என்ற குறிப்புடன் வருகின்றன. வெளிச்சமும் 350 முதல் 500 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை இருக்கும். வீட்டு டிவி பெரும்பாலும் 250, 300 நிட். உள்ளே, வெயில் படாத சுவரில் வீட்டு டிவி நன்றாகவே தெரியும். கண்ணாடி முகப்பைப் பார்த்த திரைக்கு 2,500 நிட் அளவில் இருக்கும் தனி வகை வேண்டும். அங்கே வீட்டு டிவி வைப்பது காசைக் கரியாக்குவது.

வீட்டு டிவி என்றால் வாங்கும் முன் வாரண்டி அட்டையைப் படியுங்கள். பல நிறுவனங்கள் கடை உபயோகத்துக்கு வாரண்டி இல்லை என்று எழுதியிருக்கும். கடை பெயரில் ஜிஎஸ்டி எண்ணுடன் பில் போட்டால் அதுவே சாட்சியாகிவிடும். வணிகத் திரைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பாதி இந்த வாரண்டிக்குத்தான்.

கடையிலேயே டிவியைப் போட்டு மூன்று விஷயங்களைச் சோதியுங்கள். ஒன்று, பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகினால் தானாக எரிகிறதா, ரிமோட்டுக்குக் காத்திருக்கிறதா? காத்திருக்கும் டிவி என்றால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் ஒருவர் ஏணி தேட வேண்டும். இரண்டு, எரிந்ததும் நேராக எச்டிஎம்ஐக்குப் போகிறதா, விளம்பரங்கள் நிறைந்த முகப்புப் பக்கத்தில் நிற்கிறதா? மூன்று, ரிமோட்டைத் தொடாமல் நான்கு மணி நேரம் விட்டால் தானாக அணையும் வசதியை நிறுத்த மெனுவில் இடம் இருக்கிறதா? மூன்றுக்கும் சரியான பதில் வராத டிவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஓஎல்இடி வேண்டவே வேண்டாம். நாள் முழுவதும் நகராத விலைப்பட்டியல் அந்தப் பேனலில் நிழலாகத் தங்கிவிடும். பக்கத்தில் பக்கமாக இரண்டு திரை என்றால் ஒரே மாடலை ஒரே நாளில் வாங்குங்கள்; ஆறு மாதம் கழித்து வாங்கியதன் வெள்ளை வேறு வெள்ளையாக இருக்கும்.

4. பிளேயர்

டிவியின் யூஎஸ்பியில் பென் டிரைவ் சொருகிப் படம் ஓட்டுவதும் ஒரு வழிதான். மாதத்துக்கு ஒரு முறை விலை மாறும் டீக்கடைக்கு அதுவே போதும், அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம். ஆனால் பல டிவிகள் மின்சாரம் போய் வந்தால் தானாக ஓட ஆரம்பிக்காது.

தொலைவிலிருந்து மாற்ற வேண்டும் என்றால் ராஸ்பெரி பை 4 என்ற கையடக்கக் கணினி போர்டு (இனி ‘பை’), அதில் ஆந்தியாஸ் என்ற இலவச மென்பொருள். முன்பு ஸ்கிரீன்லி ஓஎஸ்இ என்ற பெயரில் இருந்தது இதுதான். படம், வீடியோ, இணையப் பக்கம் மூன்றையும் வரிசையாக ஓட்டும். ஒரே நெட்வொர்க்கில் உள்ள செல்போனின் பிரவுசரில் பிளேயரின் ஐபி முகவரியைத் தட்டினால் நிர்வாகப் பக்கம் வரும். ஒவ்வொரு பிளேயருக்கும் தனித்தனிப் பக்கம். இரண்டு திரைக்கு இது போதும், இருபது கிளைக்குப் போதாது. நேரத்துக்கு நேரம் மெனு தானாக மாற வேண்டும், பல கிளைகளை ஓரிடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றால் சிபோ என்ற திறமூல மென்பொருளைப் பாருங்கள். அதற்கு விண்டோஸ் அல்லது லினக்ஸ் மினி கணினி வேண்டும். ஆண்ட்ராய்டு பிளேயருக்கு உரிமக் கட்டணம் உண்டு.

பை வாங்கும்போது ஒரு திரைக்கு இவ்வளவு: 2 ஜிபி போர்டு ஒன்று, 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, அலுமினியப் பெட்டி ஒன்று, சிசிடிவி கேமராவுக்கென விற்கும் அதிக ஆயுள் 32 ஜிபி மெமரி கார்டு இரண்டு, மைக்ரோ எச்டிஎம்ஐயிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் ஒரு மீட்டர் கேபிள் ஒன்று, டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்று. சிறிய கன்வெர்ட்டர் மூக்கைச் சொருகிப் பழைய கேபிளை மாட்டாதீர்கள், கேபிள் கனத்தில் துளை ஆட்டம் கண்டுவிடும். பை 4-இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள் உண்டு. மின் இணைப்புக்கு அருகில் இருப்பதுதான் முதலாவது, அதில் சொருகுங்கள்.

அந்தக் கடிகாரத் துண்டு எதற்கு? பை 4-இல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. நேரத்தை இணையத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மின்சாரம் வந்ததும் பை ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும், மோடம் நான்கு நிமிடம் எடுக்கும். இடைப்பட்ட நேரத்தில் பழைய தேதியிலேயே நிற்பதால் முடிந்துபோன தீபாவளிச் சலுகை திரையில் வந்து நிற்கும். பாதுகாப்பு இணைப்பு கொண்ட இணையப் பக்கங்களும் திறக்க மறுக்கும். பை 5-இல் கடிகாரம் உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கிச் சொருக வேண்டும். ஆனால் அதற்கு 5 ஆம்பியர் அடாப்டரும் விசிறி வைத்த பெட்டியும் வேண்டும். மெனுப் படம் காட்ட அவ்வளவு தேவையில்லை.

5. செலவும் காகிதங்களும்

ஒரு திரைக்குத் தோராயக் கணக்கு: 43 அங்குல வீட்டு டிவி 20,000 முதல் 30,000 ரூபாய், வணிகத் திரை என்றால் அதைப் போல இரு மடங்கு வரை, பிளேயரும் அதன் உபகரணங்களும் 7,000 முதல் 12,000, சுவர்த் தாங்கி 600 முதல் 1,500, சிறிய யூபிஎஸ் 3,000 அளவில். ஒயரிங் கூலியும் டிசைனர் கட்டணமும் தனி. போர்டும் மெமரி கார்டும் அடிக்கடி விலை மாறுபவை; வாங்கும் வாரத்தில் மூன்று கடைகளில் கேளுங்கள்.

டிவிக்கு இப்போது எல்லா அளவிலும் 18% ஜிஎஸ்டி. 32 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 2025 செப்டம்பர் 21 வரை 28% இருந்தது, ஆகவே பழைய கொட்டேஷனை வைத்துப் பேரம் பேசாதீர்கள். 5% ஜிஎஸ்டி வசூலிக்கும் உணவகத்துக்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது. அந்த 18%-ஐ முழுச் செலவாகவே எழுதுங்கள். திரும்ப வரும் என்று யாராவது சொன்னால் உங்கள் ஆடிட்டரிடம் உறுதி செய்யுங்கள்.

மின்செலவு: 90 வாட் டிவி 15 மணி நேரம் ஓடினால் நாளைக்கு 1.35 யூனிட், மாதம் 40 யூனிட். பை சுமார் 5 வாட், மாதம் நான்கு யூனிட்கூட வராது. உங்கள் கடை பில்லில் உள்ள யூனிட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கட்டடம் என்றால் சுவரில் துளையிட உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல். மால் என்றால் வேலை அனுமதிச் சீட்டு, பெரும்பாலும் இரவில் மட்டுமே வேலை. நிர்வாக அலுவலகத்தில் முதல் வாரமே விண்ணப்பியுங்கள். திரை சாலையைப் பார்த்தால் விளம்பரப் பலகை உரிமம் வேண்டியிருக்கலாம். மாநகராட்சி அல்லது நகராட்சியில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து இடங்களிலாவது கிளை வைத்திருக்கும் உணவகம் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி ஒவ்வொரு உணவுக்கும் கலோரி அளவு மெனுவில் வர வேண்டும். டிசைனரிடம் இதை முதலிலேயே சொல்லாவிட்டால் ஒரு திரைக்கு எத்தனை வரி என்ற கணக்கு மொத்தமும் மாறும். சினிமாப் பாட்டு ஓட்டுவதற்குத் தனி உரிமம் வேண்டும். சத்தத்தை அணைத்து வைப்பதே நல்லது.

6. மின்சாரமும் நெட்வொர்க்கும்

திரை வரும் இடத்துக்குப் பின்னால், திரை மறைக்கும் உயரத்தில், எர்த் உள்ள மூன்று துளை 6 ஆம்பியர் பாயிண்ட் இரண்டு. மின் பலகையிலிருந்து தனி எம்சிபி (கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்). விளக்குச் சுவிட்சோடு சேர்க்காதீர்கள். இரவு கடை அடைப்பவர் எல்லாச் சுவிட்சையும் ஒரே தட்டாகத் தட்டுவார். பை எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் மெமரி கார்டில் கோப்புகள் சிதையும். மறுநாள் திரையில் வெள்ளை எழுத்து வரிகள் மட்டும் நிற்கும். இரண்டாவது கார்டு வாங்கச் சொன்னது அதற்காகத்தான்.

பையும் மோடமும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும், டிவி வேண்டாம். சாதாரண 600 விஏ கணினி யூபிஎஸ் போதும். மோடத்துக்கென விற்கும் சின்ன யூபிஎஸ் பெரும்பாலும் 12 வோல்ட் தருவது, பைக்கு ஆகாது.

டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து பைக்கு மின்சாரம் எடுப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. அந்தத் துளை அரை ஆம்பியர், ஒரு ஆம்பியர்தான் தரும். வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் திரையின் மூலையில் மின்னல் குறி தெரியும், வீடியோ திக்கும், பிறகு பை தானாக அணைந்து எழும். பழைய போன் சார்ஜரும் மெல்லிய கேபிளும் இதே வேலையைத்தான் செய்யும். போதாததற்கு, டிவியை அணைக்கும்போதெல்லாம் பையும் அறுபடும்.

நெட்வொர்க்குக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். ஒயரிங் நடக்கும்போதே இழுத்தால் கூலி பெரிதாக ஏறாது. டிவியின் உலோக முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் வைஃபை தடுமாறும். வாடிக்கையாளர் வைஃபையில் சேர்க்கவே கூடாது. ஓடிபி கேட்கும் பக்கத்தைப் பையால் தாண்ட முடியாது. அதில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்கவும் முடியாதபடி அடைத்திருப்பார்கள். மோடத்தில் அந்தப் பைக்கு ஒரு நிரந்தர ஐபி ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் முகவரி மாறி நிர்வாகப் பக்கம் காணாமல் போகும்.

7. படங்கள்

அளவு 1920×1080, பிஎன்ஜி வடிவம். வீடியோ என்றால் எம்பி4, எச்.264, நொடிக்கு 30 படம், 8 மெகாபிட். 15 நொடி வீடியோ 15 எம்பி வரும். செல்போனில் எடுத்ததை அப்படியே போட்டால் வேறு வடிவத்தில் இருந்து திக்கலாம். ஒரு முறை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் செய்த டிசைன் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அந்தக் கோப்பை இன்னொரு கணினியில் திறந்தால் ‘சாம்பார் வடை’ ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறும். முடிந்த படமாக மட்டுமே வாங்குங்கள், கூடவே யூனிகோடில் தட்டிய மெனுப் பட்டியலையும் கேளுங்கள். இணையப் பக்கமாகக் காட்டுவதென்றால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இருக்காது, கட்டம் கட்டமாக வரும். எழுத்துருவைப் பக்கத்திலேயே இணைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி, எழுத்து ஓரமெல்லாம் மங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். திரையை நிமிர்த்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்த மாடல் அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளில் திருப்பத் தெரியாவிட்டால் படத்தையே 90 டிகிரி திருப்பி ஏற்றுங்கள், வேலை முடிந்தது.

விலைப் படத்துக்கு 20 நொடிக்குக் குறையாமல் கொடுங்கள். ஆந்தியாஸில் இயல்பாக 10 நொடிதான் இருக்கும். பத்து வரி படித்து முடிக்கும் முன் மாறிவிடும்.

8. மேசையில் இரண்டு நாள்

ராஸ்பெரி பை இமேஜர் மென்பொருளில், தனி உபயோக இயங்குதளங்கள் பகுதியில் டிஜிட்டல் பலகைகளுக்கான பட்டியலில் ஆந்தியாஸ் இருக்கும். கார்டில் எழுதி, லேன் கேபிள் சொருகி, மின்சாரம் கொடுத்தால் முதல் முறை சற்று நேரம் எடுத்து, திரையில் ஐபி முகவரி காட்டும். நிர்வாகப் பக்கத்துக்குக் கடவுச்சொல் போடுங்கள். எல்லாப் படத்தையும் ஏற்றிச் சரிபார்த்த பிறகு, அந்தக் கார்டை இரண்டாவது கார்டில் நகலெடுத்து வையுங்கள்.

டிவி, பை, அடாப்டர், அதே கேபிள்கள் எல்லாவற்றையும் மேசைமேல் இணைத்து 48 மணி நேரம் ஓடவிடுங்கள். இடையில் பிளக்கை ஐந்து முறை பிடுங்கிச் சொருகுங்கள். மோடத்தை மட்டும் அணைத்துப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள படங்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு டிவியை அணைத்து வைத்து, பையை முதலில் எழுப்பி, ஒரு நிமிடம் கழித்து டிவியைப் போடுங்கள். கறுப்பாகவே நின்றால், பை எழும்போது எதிரில் திரை இல்லை என்று நினைத்து வெளியீட்டை நிறுத்திவிட்டது என்று பொருள். எச்டிஎம்ஐ எப்போதும் இணைந்தே இருப்பதாகப் பையின் தொடக்க அமைப்பில் கட்டாயப்படுத்தலாம். அது தெரியாதவர்கள் எச்டிஎம்ஐ கேபிளுக்கு இடையில் சொருகி, திரை இருப்பதாகப் பைக்குக் காட்டும் ஈடிஐடி எமுலேட்டர் துண்டு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

படத்தின் நான்கு ஓரமும் தெரிகிறதா? விலைப் பத்தியின் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டால் டிவி படத்தைப் பெரிதாக்குகிறது. பட அளவு மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன் அல்லது அதற்கு இணையானதைத் தேர்ந்தெடுங்கள். விவிட் முறையை விட்டு ஸ்டாண்டர்டுக்கு வாருங்கள்.

9. இப்போது சுவர்

டிவியின் முதுகில் உள்ள நான்கு துளைகளின் மைய இடைவெளியை அளந்து தாங்கி வாங்குங்கள்: 200×200 மி.மீ. என்பது போல இருக்கும். திருகு எம்6 அல்லது எம்8. நீளம் கூடினால் உள்ளே பேனலைக் குத்தும், குறைந்தால் பிடிக்காது. சுவரோடு ஒட்டும் மெல்லிய தாங்கியில் எச்டிஎம்ஐ மூக்குக்கு இடமிருக்காது. கல்லாவுக்கு மேலே சாய்க்கும் வகைதான் சரி. திரையின் கீழ் விளிம்பு ஆறரை முதல் ஏழு அடி உயரத்தில், பத்து டிகிரி முன்சாய்வு.

செங்கல் சுவரில் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் ஆங்கர் (சுவருக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) போக வேண்டும். பூச்சு மட்டும் பிடித்திருந்தால் ஒரு மழைக்காலத்தில் உதிரும். ஏஏசி பிளாக்குக்கு அதற்கென உள்ள ஆங்கர். ஜிப்சம் தடுப்பில் பின்னால் பிளைவுட் அல்லது இரும்புச் சட்டம் இல்லாமல் மாட்டாதீர்கள். மேலிருந்து தொங்கவிடுவதென்றால் கம்பி கான்கிரீட் தளத்தில் பிடிக்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கில் அல்ல. ஒயர் போகும் பாதையைப் பென்சிலால் குறித்துவிட்டுத் துளை போடுங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இரண்டு திரை பக்கத்தில் பக்கமாக இருக்கும்போது அரை செ.மீ. கோணல்கூட வாசலிலிருந்தே தெரியும். தூக்கி மாட்ட இரண்டு பேர், கீழே வாடிக்கையாளர் இல்லாத நேரம்.

பையை டிவியின் கீழ்ப்பகுதியில் கட்டுங்கள். மேலே டிவியின் சூடு ஏறும். 80 டிகிரியைத் தொட்டால் பை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வீடியோ திக்கும்.

மாட்டி முடித்ததும் எம்சிபியை ஒரு முறை இறக்கி ஏற்றிப் பாருங்கள். பிறகு ஒரே தாளில் இவற்றை எழுதி, பிளாஸ்டிக் உறையில் கல்லாவின் உள்கதவில் ஒட்டுங்கள்: பிளேயரின் ஐபி, எந்த எம்சிபி, டிவி எந்த எச்டிஎம்ஐயில் இருக்கிறது, இரண்டாவது கார்டு எங்கே, டிவியின் சீரியல் எண், வாங்கிய தேதி, எலக்ட்ரீசியன் எண், டிசைனர் எண். கடவுச்சொல்லை அதில் எழுதாதீர்கள், முதலாளியிடமும் விலை மாற்றுபவரிடமும் இருக்கட்டும். விலை மாற்றுபவர் உங்கள் கண்ணெதிரில், தன் செல்போனிலிருந்து, காபி விலையை ஒரு முறை மாற்றிக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வாரம் ஒரு முறை டிவியை அணைத்து, காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் திரையைத் துடைக்கவும், காற்றுத் துளைகளில் தூசு தட்டவும் யார் பொறுப்பு என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.